வன்னி முற்றத்தில் உயிர்த்த ஞாயிறு: பிள்ளைகளுக்கான விளையாட்டுகளை வீட்டிலேயே ஒழுங்கு செய்வது எப்படி?

ஈஸ்டர் விளையாட்டு என்று இணையத்தில் தேடினால் வருகிற குறிப்புகள் பெரும்பாலும் புல்தரையும் குளிரும் உள்ள நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. சொக்லேட் முட்டையைப் பற்றைக்குள் ஒளித்து வையுங்கள் என்று எழுதியிருப்பார்கள். கிளிநொச்சி வெயிலில் அது பிள்ளை வந்து சேருமுன் கூழாகிவிடும். மிச்சத்தைக் கட்டெறும்பு பார்த்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு நான் பட்ட அலைச்சலை நீங்களும் படவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை செய்கிறவர்கள், இடமாற்றத்தில் வன்னிக்கு வந்து வளவுள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள், லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த மருமக்கள் “முட்டை தேடுறது எப்ப மாமி?” என்று கேட்க முழிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது உதவும். பத்துப் பிள்ளைகள் வருவார்கள் என்று வைத்துக் கணக்குச் சொல்கிறேன்.

1. முதலில் கலண்டரைப் பாருங்கள்

உயிர்த்த ஞாயிறு வருடத்துக்கு வருடம் நகரும். 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16, 2029இல் ஏப்ரல் 1. இலங்கையில் பெரிய வெள்ளி பொது விடுமுறை. ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை விடுமுறை இல்லை. ஆகவே வெளிநாட்டுக்காரர் மாதிரி திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மார்ச் கடைசியில் வருகிற வருடங்களில் தவணைப் பரீட்சையும் குறுக்கிடலாம்.

2028 சிக்கலான வருடம். பெரிய வெள்ளி ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்போடு ஒட்டி வருகிறது. வருடப்பிறப்புக்குப் பிறகு இங்கே கடைகள் ஒழுங்காகத் திறக்கச் சில நாட்கள் எடுக்கும், பஸ்ஸும் குறையும். அந்த வருடம் சாமான் எல்லாவற்றையும் ஏப்ரல் 10க்கு முன்னர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நாளுக்குள் நேரம் எது? இரண்டு வழி இருக்கிறது. சனி இரவுத் திருவிழிப்புக்குப் போனவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடிக்கலாம். வெயிலும் ஏறியிராது, மழையும் வராது. ஆனால் நடுச்சாமம் தாண்டி வந்து படுத்த பிள்ளை காலையில் சிணுங்கும். மற்றது பின்னேரம் 4 மணி முதல் பொழுதுபடும் வரை. நான் பின்னேரத்தைத்தான் பிடிப்பேன். ஒரே பயம், இந்த மாதங்களில் மத்தியானம் திரும்பினால் இடியோடு மழை வரும். முதல் இடி கேட்டதுமே பிள்ளைகளை மரத்தடியிலிருந்து விறாந்தைக்கு ஏற்றிவிட வேண்டும். அதற்காகத்தான் 8ஆம் படியில் சொல்லும் விளையாட்டைத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறேன்.

பெரிய வெள்ளியன்று ஒன்றும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் ஒறுத்தலோடு இருக்கிற நாளில் முற்றத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டால் ஏச்சு விழுவது உங்களுக்குத்தான்.

2. மூன்று தாள்கள்

வீட்டு விளையாட்டுக்கு என்ன பத்திரம் என்று சிரிக்காதீர்கள்.

முதல் தாள், பெயர்ப் பட்டியல். பிள்ளையின் பெயர், வயது, தாய் தகப்பனின் தொலைபேசி இலக்கம், எது ஒத்துவராது என்பது. முட்டை, நிலக்கடலை இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக “ஒண்டும் பிரச்சினை இல்லையே?” என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளைகள் வந்தால் மரக்கறிக்காரரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு முட்டைக்குப் பதில் மாம்பிஞ்சைக் கொடுக்கலாம். வடிவமும் முட்டை மாதிரித்தான், அந்த நாட்களில் மரத்தடியில் நிறையக் கிடக்கும். படம் எடுத்து முகநூலில் போடுகிற எண்ணம் இருந்தால் அதற்கும் சம்மதம் கேட்டுக் குறித்துவிடுங்கள்.

இரண்டாம் தாள், ஒளித்த இடங்களின் வரைபடம். வளவைக் கோட்டுப்படமாகக் கீறி, ஒவ்வோர் இடத்துக்கும் இலக்கம் போடுங்கள். இது இல்லாமல் ஒளித்தால் எத்தனை கிடைத்தது, எத்தனை கிடைக்கவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது, விளையாட்டு வரிசையும் பரிசும். அரைத் தாள் போதும்.

வீட்டுக்குள் ரேடியோவில் பாட்டுப் போட ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு ஒலிபெருக்கி கட்டுவதானால் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். கிழமை நாளில், ஒரு வாரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

3. செலவு

பத்துப் பிள்ளைகளுக்கு 3000 ரூபாய் என்று மேல் எல்லை வைத்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். காசு போவது முட்டைக்கும் ரொபிக்கும்தான். வருடப்பிறப்புக் கேக் அடிக்கிற காலமென்பதால் முட்டை விலை எப்படி நிற்கும் என்று சொல்ல முடியாது. போன வருடத்து விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வாங்க வேண்டியவை: முட்டை 20, ரொபி இரண்டு பைக்கற், சிறு பலூன் ஒரு பைக்கற், கோதுமை மா, ஒரு போத்தல் வினாகிரி, கேக்குக்குப் போடும் கலர் இரண்டு, நூல். வாங்கக் கூடாதவை: பிளாஸ்ரிக் முட்டை, சொக்லேட், பூக்கூடை. கூடைக்குப் பனையோலைப் பெட்டி இருக்கிறது. வீட்டில் இல்லையென்றால் சந்தையில் எடுங்கள், பிறகு குசினிக்கு உதவும். உள்ளே பரப்புவதற்குக் காலபோக அறுவடை வைக்கோல் ஒரு பிடி போதும். நன்றாக உதறி வெயிலில் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கை கடிக்கும்.

சீனவெடியை இந்தப் பட்டியலில் நான் சேர்ப்பதில்லை. சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிட்டு எழும்புகிற பெரியவர்கள் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்.

4. குருத்தோலை ஞாயிறு: கல்லறைத் தோட்டம் விதைத்தல்

சரியாக ஏழு நாள் இருப்பதால் இதைக் குருத்தோலை ஞாயிறு பின்னேரமே தொடங்க வேண்டும். அகலமான பழைய தட்டம் ஒன்றில் மூன்று விரல் உயரத்துக்கு மண் போடுங்கள். ஒரு ஓரத்தில் சின்ன மண்முட்டியைச் சரித்து வைத்து மண்ணால் பாதி மூடினால் அதுதான் கல்லறை. வாய்க்கு அளவான தட்டைக்கல் ஒன்று தேடுவது பிள்ளைகளின் வேலை. மற்ற இடமெல்லாம் ஓர் இரவு ஊறவைத்த பயறு, நடுவில் கொஞ்சம் குரக்கன். வீட்டுக்குள் வெளிச்சமான இடத்தில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். வெளியில் வைத்தால் கோழி கிளறிவிடும்.

பெரிய வெள்ளியன்று கல்லை வாயில் வைத்து மூடுவார்கள். ஞாயிறு காலையில் முதலில் எழும்புகிற பிள்ளை அதை உருட்டிவிடும். செலவே இல்லாத வேலை. சின்னதுகள் ஏழு நாளும் தட்டத்தைச் சுற்றிக்கொண்டே நிற்பார்கள்.

ஆலயத்தில் கிடைத்த குருத்தோலையில் மிச்சம் இருந்தால் அன்றைக்கே சிலுவையும் குருவியும் மடிக்கப் பழக்குங்கள். அடுத்த நாள் ஓலை காய்ந்து முறியும்.

5. திங்கள் முதல் வியாழன் வரை: கடதாசி முட்டை

பிளாஸ்ரிக் முட்டைக்குப் பதில் இது. ஒரு பிள்ளைக்கு இரண்டு, மொத்தம் 20. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள், கை ஓய்ந்துவிடும்.

ஒரு கப் கோதுமை மாவை ஒரு கப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். மூன்று கப் தண்ணீர் கொதிக்கும்போது அதை ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி மாதிரியான பசை வரும். ஒரு மேசைக்கரண்டி உப்புச் சேர்த்தால் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்காது. பலூனை முட்டையளவுக்கு மட்டும் ஊதிக் கட்டுங்கள். முழுக்க ஊத விட்டால் பிள்ளைகள் பூசணிக்காய் அளவில் செய்துவிடுவார்கள். பழைய பத்திரிகையை விரலகல நாடாவாகக் கிழித்து (வெட்டினால் விளிம்பு படியாது) பசையில் தோய்த்து, வழித்து, பலூனைச் சுற்றி ஒட்டுங்கள். மூன்று சுற்று வேண்டும். ஒரு சுற்றுக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. காய்வதற்கு நம் வெயிலே போதும், உடுப்புக் கொடியில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் பரப்பினால் அடிப்பக்கம் ஈரமாகவே நிற்கும், கோழியும் கொத்தும்.

முழுக்கக் காய்ந்ததும் தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். அப்போது பலூனைக் குத்தி வெளியே எடுங்கள். வெடித்த பலூன் துண்டுகளை எண்ணிப் பொறுக்கிவிடுங்கள், தவழ்கிற பிள்ளை வாயில் வைத்தால் தொண்டையில் அடைக்கும். பக்கத்தில் சின்னக் கீறல் போட்டு உள்ளே ஸ்ரிக்கர், மணி, துண்டுப் பென்சில், “அம்மம்மாவிடம் போய் ஒரு பாட்டுக் கேள்” என்று எழுதிய சீட்டு எதையாவது வைத்து ஒட்டிவிடலாம். தின்கிற சாமான் மட்டும் வேண்டாம், எறும்புக்குக் கடதாசி ஒரு தடையில்லை.

மிச்சத்துக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று என்று 30 கூழாங்கல். கிடைக்காவிட்டால் சோடா மூடி. தண்ணீர்க் கலர் கழன்று போகும், பழைய கியூற்றெக்ஸ் பூசினால் நிற்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம் அல்லது ஒரு குறி. இந்தக் கல்லுகளை நிலத்தில் ஒளிப்போம். கண்டெடுத்துக் கொண்டுவந்தால் விறாந்தையில் வைத்து ரொபியாக மாற்றிக் கொடுப்போம். எறும்பு, காகம், குரங்கு, நாய் என்று எல்லாத் தொல்லையும் இதோடு தீரும்.

6. சனியும் ஞாயிறும்: முட்டைக்குச் சாயம்

இங்கேதான் ஆட்கள் அதிகமாக இடறுகிறார்கள். அவித்த முட்டை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 பாகைக்கு மேல் சுடுகிற நாளில் ஒரு மணித்தியாலம்தான். ஏப்ரலில் வன்னியில் 32ஐத் தாண்டாத மத்தியானம் அரிது. எனவே குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் சனிக்கிழமையே அவித்துச் சாயம் போட்டு வைக்காதீர்கள். அவித்த முட்டையைப் பற்றைக்குள் ஒளிக்கவே ஒளிக்காதீர்கள்.

வழி இதுதான். அழகுக்கு வைக்கிற முட்டைகளைச் சனிக்கிழமை வெறும் கோதாக்கிவிடுங்கள். கழுவிய பச்சை முட்டையின் இரண்டு முனையிலும் தையல் ஊசியால் துளை போட்டு, ஒரு துளையைக் கொஞ்சம் பெருப்பித்து, உள்ளே ஊசியை விட்டு மஞ்சள் கருவைக் கலக்கி, மறுபக்கத்தால் ஊதுங்கள். வாய் வைப்பதற்குப் பதில் ஊசி கழற்றிய சிரிஞ்சால் காற்று அடிப்பது நல்லது, பச்சை முட்டை வாயில் படக்கூடாது. கோதுக்குள் தண்ணீரும் சிறிது வினாகிரியும் விட்டுக் குலுக்கி ஊற்றிக் கவிழ்த்து வையுங்கள். கிண்ணத்தில் சேர்ந்ததை உடனே பொரித்துவிடலாம். பத்துக் கோது போதும்.

சாயக் கலவை இலகு. அரைக் கப் சுடுதண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, பத்துச் சொட்டுக் கலர். முட்டைக்கோது சுண்ணாம்புச் சத்தாலானது. புளிப்புப் பட்டால் மேற்பரப்பு லேசாகக் கரைந்து சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப்புளியும் வேலை செய்யும். ஐந்து நிமிடம் தோய்த்தால் போதும், மறந்து விட்டால் கோது மாவாகக் கழரும். வெள்ளை முட்டையில் நிறம் தெளிவாக நிற்கும். மண்ணிற முட்டைக்கு மஞ்சள் கலர் போட்டுப் பயனில்லை.

அவித்த முட்டை பத்தை ஞாயிற்றுக்கிழமை, விளையாடுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் குசினிச் சாமானாலேயே நிறமாக்கலாம். பெரிய வெங்காயத் தோலை அந்த வாரம் முழுக்கச் சேர்த்து வையுங்கள். இரண்டு கைப்பிடித் தோலை நான்கு கப் தண்ணீரில் கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டால் செங்கல் நிறம் இறங்கும். அதை ஆறவிட்டு, வினாகிரி விட்டு, முட்டைகளை வைத்து மறுபடி சூடாக்குங்கள். கொதி வந்ததும் தணலைக் குறைத்துப் பத்து நிமிடம். மஞ்சள்தூள் மஞ்சள் நிறம் தரும், சிவப்புக் கோவா நீலம் தரும். பீற்றூட் எனக்குத் திருப்தியில்லை, ஈரத்தில் வடிவாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் மங்கும்.

ஒரு தடவையாவது முருங்கை இலையில் செய்து பாருங்கள். தண்ணீர் தொட்டு ஒரு சின்ன இலையை முட்டையில் ஒட்டி, பழைய வேட்டித் துண்டால் இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையையும் நூலால் கட்டி வெங்காயத் தோல் தண்ணீரில் அவியுங்கள். ஆறியபின் துணியை அவிழ்த்து இலையை உரித்தால், சிவப்புக்கு நடுவில் இலை இருந்த இடம் மட்டும் வெளிறி, காம்பின் கோடுகூடத் தெரியும். துணி தளர்ந்திருந்தால் சாயம் உள்ளே ஓடிவிடும், ஆகவே கட்டு இறுக்கமாக இருக்கட்டும். மெழுகுதிரித் துண்டால் முட்டையில் பெயர் எழுதிவிட்டு ஆறிய சாயத்தில் தோய்ப்பது இன்னும் சுலபம். மெழுகு பட்ட எழுத்து வெள்ளையாக நிற்கும்.

வெடித்த முட்டையை அப்போதே தின்னக் கொடுத்துவிடுங்கள். பெயின்ற் பூசியது எதுவும் வாய்க்குப் போகக் கூடாது.

7. வளவைப் பார்த்தல், பிறகு ஒளித்தல்

ஞாயிறு காலையில் நீங்கள் தனியாக ஒருமுறை வளவைச் சுற்றி வாருங்கள். விறகுக் கும்பி, கல்லுக் குவியல், பொச்சுமட்டைக் கும்பி, வைக்கோல் போர், கிடுகு அடுக்கு ஆகிய இடங்களில் ஒன்றையும் ஒளிக்கக் கூடாது. புடையனும் தேளும் மட்டத்தேளும் இருப்பது அங்கேதான். மாமரத்தில் முசுறுக் கூடு இருந்தால் அந்த மரத்தை விடுங்கள். கட்டில்லாத கிணறு இருந்தால் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு பெரியவரைக் கதிரை போட்டு அங்கேயே இருத்துங்கள். கண் எட்டும் தூரத்தில் இருக்கிறார்தானே என்று விடாதீர்கள்.

எல்லை உங்கள் வேலிதான். பக்கத்துக் காணி வெறுமையாகக் கிடக்கிறது, நல்ல பற்றையாக இருக்கிறது என்று அங்கே ஒளிக்க வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிந்த பாடில்லை. ஆட்கள் புழங்காத காணிக்குள் பிள்ளைகளை விடக் கூடாது. தேடலைத் தொடங்குமுன் பிள்ளைகளுக்கு, முக்கியமாக வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு, ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் நிறக் கல்லையும் கடதாசி முட்டையையும் தவிர நிலத்தில் கிடக்கிற இரும்புச் சாமான் எதையும் தொடக் கூடாது. சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து பெரியவருக்குச் சொல்ல வேண்டும். பொலிஸ் இலக்கம் 119, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் முதல் தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள்.

ஒளிப்பதற்கு நல்ல இடங்கள்: கழுவிக் கவிழ்த்த வாளி, வாழையடி, பூச்சாடி, சைக்கிள் கரியர், வேலிப் பூவரசங்கிளையின் கவர், விறாந்தைத் தூணின் பின்பக்கம், அம்மிக்கல்லின் மேல். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் திறந்த வெளியில் வைத்தால் போதும்.

தேடும்போது விதி ஒன்றுதான். தன் நிறத்தை மட்டும் எடுக்கலாம், தன்னுடையது ஐந்தும் கிடைத்தவர் சின்னவர்களுக்குத் தேட உதவலாம். நிறம் பிரிக்காமல் விட்டால் பதின்மூன்று வயதுக்காரன் எல்லாவற்றையும் பெட்டிக்குள் அள்ளிக்கொண்டு நிற்பான், மற்றதுகள் அழும். இருபது நிமிடத்தில் நிறுத்துங்கள்.

8. மற்ற விளையாட்டுகள்

முட்டை மோதல்: போர்த்தேங்காய் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, அதே விளையாட்டுத்தான். ஒருவர் அவித்த முட்டையைக் கூர்முனை மேலே தெரியப் பிடிக்க, மற்றவர் தன் முட்டையின் கூர்முனையால் தட்டுவார். உடைந்தவர் வெளியே, தப்பியவர் அடுத்தவரோடு. முடிந்த கையோடு உப்பும் மிளகும் வைத்து எல்லாவற்றையும் தின்ன வையுங்கள்.

கரண்டி ஓட்டம் தேசிக்காயில்தான் நல்லது. முட்டை விழுந்தால் மண் ஒட்டி வீணாகும். முயல் ஓட்டத்துக்கு அரிசிச் சாக்கு, காதுக்கு மட்டை. உரச்சாக்கு கழுவியதானாலும் எடுக்காதீர்கள். யானைக்குக் கண் வைக்கிற மாதிரி முயலுக்கு வால் வைக்கலாம்: கரியால் பெரிய முயல் ஒன்றைத் தாளில் கீறி, கண்ணைக் கட்டி, இலவம்பஞ்சு உருண்டையைக் கொடுத்துவிடுங்கள். முட்டை உருட்ட மேடு வேண்டும், வன்னியில் மேட்டுக்கு எங்கே போவது? செங்கல்லின் மேல் சாய்த்த பலகை போதும்.

மழை வந்தால் விறாந்தையில் கதை முட்டை. ஒன்பது கடதாசி முட்டைகளுக்குள் ஒவ்வொரு பொருள்: குருத்தோலைத் துண்டு, நாணயம், காய்ந்த பாண் துண்டு, சேவல் இறகு, முனை மழுக்கிய முள், ஈர்க்குச் சிலுவை, சின்னக் கல், மடித்த வெள்ளைத் துணி. கடைசி முட்டை வெறுமையாக இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திறந்து அது கதையில் எங்கே வருகிறது என்று சொல்ல வேண்டும். சேவல் இறகை எடுத்ததும் பேதுருவின் பெயரைச் சொல்லப் போட்டி நடக்கும். பெரிய பிள்ளைகளிடம் வேதாகமத்தைக் கொடுத்து இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்: நாணயத்துக்கு மத்தேயு 26:15, துணிக்கு யோவான் 20:7. இதற்கு அரை மணித்தியாலம் ஓடும். மறைக்கல்வி வகுப்புக்குப் போகாத அயல் பிள்ளைகளும் விருப்பத்தோடு இருந்து கேட்பார்கள்.

இந்தச் சாமான் எதையும் ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்குப் போகிறவர்களின் பைகளை வாசலில் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. கட்டிய பரிசுப் பொதியோடு போனால் வரிசை முழுக்க உங்களால் தாமதமாகும்.

9. முடிந்த பிறகு

வரைபடத்தை எடுத்து இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். கிடைக்காத கல்லை விட்டாலும் பரவாயில்லை, கடதாசி முட்டை மழையில் ஊறிப் புழு வைக்கும், தேடி எடுத்துவிடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் கிடந்த அவித்த முட்டை எத்தனை இருந்தாலும் குழம்புக்குப் போகக் கூடாது, உடைத்து வாழையடியில் தாட்டுவிடுங்கள். மேலோடு புதைத்தால் இரவில் நாய் கிளறும். தப்பிய கடதாசி முட்டைகளை அடுத்த வருடத்துக்கு வைக்கலாம். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் எலி கடித்துவிடும். மூடி இறுக்கமான பிஸ்கற் ரின்னில் காய்ந்த வேப்பிலையோடு போட்டு, மூடியில் எண்ணிக்கையை எழுதி ஒட்டிவிடுங்கள்.